தோற்க எவ்வளவு செலவாகும்? சோழவரம் முதல் மொட்டை மாடி வரை

(ஒலி அத்தியாயத்தின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வாரம் கார் ரேஸ் பற்றிப் பேசப் போறோம். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு மொட்டை மாடிக்குப் போயிட்டு வந்துடலாம்.

ஆழ்வார்பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் அபார்ட்மென்ட்டின் மாடி அது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன்னால், ஆறு பேர் ரிமோட் கார்களோடு மேலே வந்துவிடுவோம். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி சாக்பீஸால் ஒரு பாதை. வளைவுக்கு வளைவு யார் வீட்டுப் பூந்தொட்டியாவது இருக்கும். எல்லாரிடமும் இருந்தது கிட்டத்தட்ட ஒரே மாதிரியான சாதாரண கார். கீழே இறங்கி காபி குடிக்கும்போது யார் ஜெயித்தார்கள் என்பதே மறந்து போயிருக்கும்.

அப்புறம் நான் ஒரு பிரஷ்லெஸ் மோட்டாரும் லிப்போ பேட்டரியும் வாங்கினேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்றேன். சாதாரண மோட்டாரிலிருந்து பிரஷ்லெஸ்ஸுக்கு மாறுவது, ஸ்கூட்டியிலிருந்து இறங்கி ரேஸ் பைக்கில் ஏறுவது மாதிரி. மூன்று வாரம் நான் மட்டும்தான் ஜெயித்தேன். நான்காவது வாரம் இன்னொருவரும் அதே மோட்டார் வாங்கினார். பிறகு டயர், பிறகு பேரிங், பிறகு வேறு காரே. காபி நேரத்துப் பேச்சு முழுக்க பார்சல் எப்போது வரும், கஸ்டம்ஸ் எவ்வளவு போடுவான் என்பதாகிவிட்டது.

மூன்றாவது மாடியில் ஏழாம் வகுப்பு படிக்கும் ஒரு தம்பி இருக்கிறான். அவனிடம் அதே பழைய கார்தான். எப்படியும் ஜெயிக்க முடியாது என்பதால், கவிழ்ந்த கார்களைத் தூக்கி நிமிர்த்தி வைக்கும் வேலையை அவனே எடுத்துக்கொண்டான். ஒரு ஞாயிறு என் கார் கவிழ்ந்தது. அவன் ஓடி வருவதற்கு இரண்டு விநாடி தாமதம். 'டேய், தூங்கறியா அங்க?' என்று கத்திவிட்டேன். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. படிக்கட்டில் பார்த்துக் கேட்டபோது, 'படிக்கணும்ணா' என்றான். அவனுக்கு அப்போது பரீட்சையே கிடையாது. இரண்டு மாதத்தில் மற்றவர்களும் நின்றுவிட்டார்கள். என்னிடம் வேகமான கார் இருந்தது, கூட ஓட்ட ஆள் இல்லை.

இது எங்கள் மாடியில் மட்டும் நடந்த கதை என்று நினைத்தேன். பிறகு சென்னையின் ரேஸ் வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, இதே சிக்கல் இந்த ஊரில் நிஜ கார்களோடு ஏற்கெனவே வந்திருக்கிறது. அதற்கு ஒருவர் விடையும் கண்டுபிடித்திருக்கிறார்.

ஓடுதளத்தில் ஒரு திருவிழா

2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார்கள் இரவில் ஓடியது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். சென்னைக்கு ரேஸ் வந்துடுச்சுன்னு எல்லாரும் ஸ்டேட்டஸ் போட்டோம். ஆனால் ரேஸ் இந்த ஊருக்கு வந்து எழுபது வருஷம் ஆகிறது.

செங்குன்றம் தாண்டி, கொல்கத்தா நெடுஞ்சாலையில் போனால் சோழவரம் வரும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே ஒரு விமான ஓடுதளம் இருந்தது. போர் முடிந்தது, விமானங்கள் போய்விட்டன, கான்கிரீட் மட்டும் மிச்சம். போருக்குப் பிந்தைய இங்கிலாந்திலும் இதே கதைதான். கைவிடப்பட்ட விமானத் தளங்கள் ரேஸ் தடங்களாயின. சில்வர்ஸ்டோன் அப்படிப் பிறந்ததுதான். இங்கே 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கப்பட்டது. சோழவரம் அவர்களுடைய களமாயிற்று.

அந்தக் கால இந்தியாவை நினைத்துப் பாருங்க. கார் வாங்கணும்னா அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்ட், அவ்வளவுதான். அதற்கும் வருஷக்கணக்கில் காத்திருக்கணும். வெளிநாட்டுக் காருக்குக் கடுமையான கட்டுப்பாடு, கடுமையான வரி. அதனால் சோழவரத்துக்கு வந்தவர்களில் பலர், வாரம் முழுக்க ஆபீஸுக்கு ஓட்டிய அதே வகை வண்டியைத்தான் ரேஸிலும் ஓட்டினார்கள். பக்கத்து வீட்டு ஃபியட்டும் ரேஸில் ஓடும் ஃபியட்டும் ஒரே ஜாதி. பைக்கிலும் அப்படித்தான், ஜாவாவும் என்ஃபீல்டும் தெருவில் பார்த்த வண்டிகளே. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கூட்டம் கூட்டமாக ஜனங்கள் போய்ப் பார்த்தார்கள் என்றால், அதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். வேடிக்கை பார்ப்பவருக்கும் ஓட்டுபவருக்கும் நடுவில் இருந்த தூரம் குறைவு.

ஆனால் ரேஸ் என்று வந்துவிட்டால் ஒருவர் மற்றவரைவிட ஒரு படி மேலே போகப் பார்ப்பார். பணமும் தொடர்பும் உள்ளவர்கள் வெளிநாட்டிலிருந்து நிஜ ஃபார்முலா கார்களைக் கொண்டுவந்தார்கள். ஃபார்முலா 1-க்காகக் கட்டப்பட்ட என்சைன் கார் ஒன்றை விஜய் மல்லையா சோழவரத்தில் ஓட்டியிருக்கிறார். பார்க்கிறவர்களுக்கு அது பெரிய விருந்து, சந்தேகமே இல்லை. தினமும் ஃபியட் சத்தம் கேட்கும் காதுக்கு ஃபார்முலா 1 என்ஜின் சத்தம் எப்படி இருந்திருக்கும்!

ஆனால் கூட்டத்தில் நின்று பார்த்த ஒரு பதினெட்டு வயசுப் பையனின் இடத்திலிருந்து யோசிங்க. அவனுக்கும் அந்த மாதிரி ஒற்றை இருக்கைக் காரில் உட்கார ஆசை. அதற்கு என்ன வேண்டும்? திறமை, பயிற்சி எல்லாம் இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, அந்தக் காரை இறக்குமதி செய்ய உன்னால் முடியுமா? முடியாது என்றால் நீ வேலிக்கு இந்தப் பக்கம்தான். எங்கள் மூன்றாவது மாடித் தம்பி நின்ற அதே இடம்.

கோவைக்காரர் போட்ட கணக்கு

இங்கேதான் சுந்தரம் கரிவரதன் வருகிறார். ரேஸ் வட்டாரத்தில் அவரைச் சுருக்கமாக 'கரி' என்பார்கள். 1954-ல் பிறந்தவர், கோவையின் பெரிய ஜவுளித் தொழில் குடும்பத்தைச் சேர்ந்தவர். தானும் ரேஸ் ஓட்டுபவர், தன் கையாலேயே கார் வடிவமைத்துக் கட்டுபவர்.

இந்த இடத்தைக் கவனிங்க. பணத்தால் ஜெயிக்கிற ஆட்டம் என்றால், அதில் ஜெயிக்கக்கூடிய பக்கத்தில் இருந்தவர் அவர். பேசாமல் இன்னும் ஒரு விலை உயர்ந்த கார் வாங்கி எல்லாரையும் தோற்கடித்துக்கொண்டே இருந்திருக்கலாம். அவர் செய்தது வேறு.

1983 டிசம்பரில் மாருதி 800 சந்தைக்கு வந்தது. மூன்று சிலிண்டர், 796 சிசி. சில வருஷத்தில் அந்த என்ஜின் தெருவுக்குத் தெரு கிடைக்கிற பொருளானது. எந்த மெக்கானிக்குக்கும் அதைத் திறந்து மூடத் தெரியும், உதிரி பாகம் மூலைக் கடையிலேயே கிடைக்கும். கரி அந்த என்ஜினை வைத்து ஒரு சின்ன ஒற்றை இருக்கை ரேஸ் காரைக் கோவையில் வடிவமைத்தார். 1988-ல் 'ஃபார்முலா மாருதி' பிறந்தது. எல்லாருக்கும் ஒரே மாதிரி கார், ஒரே என்ஜின்.

உலகப் பார்வையில் அது வேகமான கார் இல்லை. என்சைன் பக்கத்தில் நிறுத்தினால் பொம்மை மாதிரிதான் இருக்கும். ஆனால் கரி கட்டிய காரில் தோற்றால், அடுத்த ரேஸுக்குள் நீ இன்னும் நன்றாக ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். இறக்குமதிக் கார்களின் ரேஸில் தோற்றால், அடுத்த ரேஸுக்குள் நீ இன்னொரு கார் வாங்க வேண்டும். நான் இதைத் 'தோற்பதற்கான செலவு' என்று வைத்துக்கொள்கிறேன். கரி குறைத்தது அந்தச் செலவைத்தான்.

1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பின் நிரந்தரத் தடம் திறந்தது. அங்கே ஃபார்முலா மாருதி ஒரு தலைமுறைக்கே பள்ளிக்கூடம் ஆயிற்று. கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் தன் முதல் ரேஸை ஓட்டியது அந்தக் காரில்தான். முதல் ரேஸிலேயே மேடை ஏறினார். 2003-ல் ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஆசியா தொடரில் ஓட்டிய அஜித் குமாரும் அதற்கு முன் ஃபார்முலா மாருதி ஓட்டியவர்தான். கரி இதையெல்லாம் முழுசாகப் பார்க்கவில்லை. 1995-ல் ஒரு வான் விபத்தில் இறந்துபோனார், வயது 41. கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் ரேஸ் தடத்துக்கு அவர் பெயர்தான்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லணும். ஃபார்முலா மாருதி ஏழைகளின் விளையாட்டாக ஒன்றும் ஆகிவிடவில்லை. அதை ஓட்டவும் காசு வேண்டும். ஆனால் 'கோடீஸ்வரர் மட்டும்' என்ற பலகை இறங்கியது.

ஆறு கார் மட்டும் ஓடிய ரேஸ்

அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த நரேன், 2005-ல் ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியரானார். அதே வருஷம் ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ். அங்கே நான்காவது இடம் பிடித்து, ஃபார்முலா 1-ல் புள்ளி எடுத்த முதல் இந்தியரும் ஆனார். நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் அந்த ரேஸ் எப்படி நடந்தது தெரியுமா?

அந்த சமயம் பிரிட்ஜ்ஸ்டோன், மிஷெலின் என்று இரண்டு டயர் கம்பெனிகள் கடுமையாக மோதிக்கொண்டிருந்தன. இண்டியானாபோலிஸின் சரிவான கடைசி வளைவில் மிஷெலின் டயர் தாங்காது என்று பயிற்சியின்போதே தெரிந்துவிட்டது. வளைவில் வேகத்தைக் குறைக்க ஒரு மாற்றம் செய்யலாமா என்று பேச்சு நடந்தது. சமரசம் எட்டவில்லை. முன்னோட்டச் சுற்று முடிந்ததும் மிஷெலின் டயர் போட்ட 14 கார்களும் வரிசையாக உள்ளே போய் நின்றுவிட்டன. மிஞ்சிய ஆறு கார்கள் மட்டும் ரேஸ் ஓட்டின. காசு கொடுத்து வந்த கூட்டம் ஊளையிட்டது.

உலகத்திலேயே அதிகப் பணம் புழங்கும் ரேஸில், ஆளுக்கு ஆள் விட்டுக்கொடுக்காமல் நின்றதில், ரேஸே காணாமல் போனது. எங்கள் மாடியில் நடந்ததன் பிரம்மாண்டமான பதிப்பு. 2007 முதல் ஃபார்முலா 1-ல் எல்லாருக்கும் ஒரே கம்பெனி டயர்தான். கரி 1988-ல் போட்ட கணக்கின் ஒரு பகுதியை அவர்களும் போட வேண்டியதாயிற்று.

அழகு போய் ஆப்பு வந்த கதை

இப்போது நம்ம சின்னக் கார்களுக்கு வருவோம். ஜப்பானின் டாமியா கம்பெனி 1976-ல் தன் முதல் ரிமோட் கார் மாடலை வெளியிட்டது. போர்ஷே 934. அந்த மாடலை அச்சு அசலாகச் செய்வதற்காக ஒரு நிஜ போர்ஷே 911-ஐ வாங்கிப் பிரித்துப் பார்த்தார்கள். எண்ணம் என்னவென்றால், கார் பார்க்க அழகா இருக்கணும், கூடவே ஓடணும்.

அது ஓடினால் போதுமா? பக்கத்து வீட்டுக்காரன் காரைவிட வேகமா ஓட வேண்டாமா? 1984-ல் அமெரிக்காவின் அசோசியேட்டட் கம்பெனி ஆர்சி10 என்ற காரைக் கொண்டுவந்தது. முழுக்க முழுக்க ரேஸுக்காகவே செய்த கார். 1985-ல் கலிஃபோர்னியாவில் நடந்த ஆஃப்-ரோடு உலகப் போட்டியில் இரு சக்கர இயக்கப் பிரிவை அது ஜெயித்தது. அதற்குப் பிறகு கம்பெனிகள் சம்பளம் கொடுத்து ஓட்டுநர்களை வைத்துக்கொண்டன. ஜப்பானின் மசாமி ஹிரோசாகா இதையே தொழிலாகச் செய்து 14 உலகப் பட்டங்கள் வென்றார். கார்களின் முகமும் மாறியது. காற்றைக் கிழிக்க மட்டும் வளைத்த பிளாஸ்டிக் மேல்கூடுகள் வந்தன. எந்தக் காரின் மாடல் என்று ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், பார்க்க மர ஆப்பு மாதிரி.

செலவைக் கட்டுப்படுத்த 'ஸ்டாக்' என்று ஒரு பிரிவு வைத்தார்கள். மோட்டாருக்குள் சுற்றும் கம்பி 27 சுற்று இருக்கணும். சுற்று குறைந்தால் வேகம் கூடும் என்பதால் இந்த விதி. உடனே என்ன ஆச்சு? ஒரே மாதிரி மோட்டார் பத்து வாங்கி, சோதித்துப் பார்த்து, அதில் சிறந்த ஒன்றை மட்டும் ரேஸுக்கு எடுத்து வரும் ஆட்கள் வந்தார்கள். பிரஷ்லெஸ் காலம் வந்ததும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் மென்பொருளில் சித்து வேலை ஆரம்பித்தது. அதற்கும் விதி வந்தது. கூடுதல் வேக அமைப்பு அணைக்கப்பட்டிருந்தால் கருவியில் ஒரு விளக்கு மினுக்கணும். பொம்மைக் காரில் ஒரு சின்ன விளக்கு, ஏமாற்றவில்லை என்று சாட்சி சொல்வதற்காகவே.

இந்த விளையாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த வழக்கம் ஒன்று இருக்கிறது. உங்கள் ரேஸ் முடிந்ததும் நீங்கள் மார்ஷலாக வளைவில் நிற்க வேண்டும். அடுத்த ரேஸில் கவிழும் கார்களை நீங்கள்தான் நிமிர்த்தி வைக்கணும். போன ரேஸில் உங்களைத் தோற்கடித்தவர் காரைக்கூட! எதிராளியின் கையை நம்பித்தான் ஒவ்வொருவரும் ஓட்டுகிறார்கள். வெறி ஏறும்போது முதலில் திட்டு வாங்குவதும் அந்த மார்ஷல்தான். நான் திட்டிய ஆள் யாரென்று உங்களுக்குத் தெரியும்.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டெசியும் அவர் குழுவினரும் 1981-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மாணவர்களிடம் ஒரு புதிர் விளையாட்டைக் கொடுத்தார்கள். ஒரு பாதியினரிடம், பக்கத்தில் இருப்பவரை ஜெயிக்கணும் என்று சொன்னார்கள். மறு பாதியினரிடம், உங்களால் முடிந்தவரை போட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார்கள். பிறகு தனியாக விட்டபோது, ஜெயிக்கச் சொல்லப்பட்டவர்கள் அந்தப் புதிரைக் குறைவாகவே தொட்டார்கள். ஜெயிப்பதற்கான கருவியாக ஆனபின் அது விளையாட்டாகத் தெரியவில்லை போலிருக்கிறது.

நடந்து போகிற தூரத்தில் ஒரு மேஜை

அப்போ போட்டியே வேண்டாமா? அப்படிச் சொன்னால் ஆழ்வார்பேட்டைக்காரனாக நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம். ஏனென்றால் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் கஸ்தூரி ரங்கா சாலை இருக்கிறது. அங்குள்ள ரஷ்யப் பண்பாட்டு மையத்தில் 1972-ல் மானுவேல் ஆரோன் தொடங்கிய மிகயில் தால் செஸ் கிளப் இருந்தது. சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் விளையாடி வளர்ந்த இடம். 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனாரே, அவரேதான். கரியின் கார் பிறந்த அதே வருஷம் என்பது ஒரு இனிய தற்செயல்.

அங்கே மின்னல் வேக ஆட்டம் நடக்கும். ஜெயித்தவர் நாற்காலியிலேயே இருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். போட்டி என்றால் அப்படியொரு போட்டி. ஆனால் தோற்றால் என்ன இழப்பு? சில நிமிஷக் காத்திருப்பு. வரிசையில் நிற்கும்போது மற்றவர் ஆட்டத்தைப் பார்க்கலாம், கற்கலாம், மறுபடி உட்காரலாம். எல்லாருக்கும் அதே 16 காய்கள். அங்கே காசு கொடுத்து இன்னொரு ராணி வாங்க முடியாது.

அதனால் எனக்குப் புரிந்தது இதுதான். ஜெயிக்கணும் என்ற வெறி கொஞ்சம் அதிகமானாலும் ஆட்டம் தாங்கும், தோற்றவன் திரும்பி வர வழி இருக்கும் வரை. அந்த வழியை அடைத்துக்கொண்டு ஜெயிப்பவன், கடைசியில் காலி மாடியில் நிற்பான்.

இதற்கு ஒரு எதிர்வாதமும் உண்டு, நியாயமானது. 'எனக்கு காரைப் பிரித்து மாற்றுவதுதான் சந்தோஷம், எல்லாருக்கும் ஒரே கார் என்றால் என் சந்தோஷம் போச்சே' என்று சிலர் கேட்பார்கள். கரியே அப்படிப்பட்ட ஆள்தான், கார் கட்டுவதில் பைத்தியம். அவர்களுக்குத் தனியாக ஒரு திறந்த பிரிவு இருக்கட்டும். புதிதாக வருபவனின் முதல் ரேஸ் அதுவாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மறுபடியும் மாடி

அமெரிக்காவின் சின்ன ஊர் ரேஸ்களில் ஒரு விதி உண்டு. ஜெயித்தவரின் என்ஜினை, முன்பே நிர்ணயித்த குறைந்த விலைக்கு, தோற்றவர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மறுக்க முடியாது. அப்படியென்றால் யார் லட்சக்கணக்கில் என்ஜினில் கொட்டுவார்கள்? அதைப் படித்தபோது சிரித்துவிட்டேன், பிறகு எங்கள் வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டேன்.

இப்போது எங்கள் மாடியில் மூன்று விதிகள். கிட்டோடு வரும் மோட்டார் மட்டும். ஒரு ரேஸ் முடிந்ததும், கடைசியில் வந்தவர் ஜெயித்தவருடைய காரை எடுத்துக்கொள்வார், ஜெயித்தவர் அவர் காரை ஓட்டணும். மார்ஷலைப் பார்த்துக் கத்தினால் அன்றைக்கு முழுக்க அவர்தான் மார்ஷல்.

மூன்றாவது விதியை எழுதியது நான். எழுதிவிட்டு மூன்றாவது மாடிக்குப் போய் பெல் அடித்தேன். அவன் அம்மாதான் கதவைத் திறந்தார். 'ஸாரி சொல்ல வந்தேன்' என்றேன். அவன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, 'உங்க கார நான் ஓட்டலாமாண்ணா?' என்று மட்டும் கேட்டான்.

போன ஞாயிறு ஓட்டினான். என் காரில் அவன் இரண்டாவது. அவனுடைய பழைய காரில் நான் நான்காவது. அதன் இடது பக்கச் சக்கரம் லேசாக ஆடுகிறது, வளைவில் இழுக்கிறது. அதை வைத்துக்கொண்டு இத்தனை நாள் எப்படிடா ஓட்டினே என்று கேட்டேன். 'பழகிடுச்சுண்ணா' என்றான்.

இந்த வாரம் அந்தச் சக்கரத்தை இரண்டு பேரும் சேர்ந்து சரி பண்ணப் போகிறோம். உங்கள் தெருவிலோ மாடியிலோ இப்படி நின்றுபோன ஒரு ஆட்டம் இருந்தால் எங்களுக்கு எழுதுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.